பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு நீள் வகுத்தல்?

"வில்லியனூர்ப் பக்கத்துப் புள்ளைங்களுக்குப் பல்லுறுப்புக் கோவையை வகுக்கத் தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது? குழுக்கடனுக்கு வட்டி போடத் தெரிஞ்சா போதாதா?"

ஒரு பெண்கள் கூட்டத்தில் என்னிடம் இப்படிக் கேட்டவரும் ஒரு பெண்தான். பல வருடங்களாகப் பெண்களோடு நின்று போராடியவர். என்மேல் பிரியம் உள்ளவர். கேலியாகக் கேட்கவில்லை, அன்போடுதான் கேட்டார். இந்தக் கட்டுரை அந்த அன்புக்கு எதிரானது.

"பொட்டச்சிக்குப் படிப்பு எதுக்கு?" என்று கேட்ட கிழவர்களோடு சண்டை போடுவது சுலபம். அவர்கள் எங்கள் ஊர்களில் அநேகமாக ஓய்ந்துவிட்டார்கள். பாகூரிலோ வில்லியனூரிலோ இன்று யாரும் பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதே என்று சொல்வதில்லை. சீருடை மாட்டி, தலையை வாரிப் பின்னி, அவர்களே பஸ் ஏற்றிவிடுகிறார்கள். வாசல் திறந்துதான் இருக்கிறது. உள்ளே எந்த அறை வரைக்கும் போகலாம் என்பதில்தான் இப்போது சண்டை. அந்த அறைகளில் ஒன்றுக்குப் பெயர் நீள் வகுத்தல்.

நான் கணிதம் படித்தவள். வில்லியனூர் கொம்யூனில் ஒரு கிராமத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில், மாலை நேரத்தில் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பாகூரில் அக்கா வீட்டில் இன்னொரு கூட்டம் உட்காரும். காசு வாங்குகிறேனா என்று கேட்டால், கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்குகிறேன். சேவை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக்கென்று தனிக் கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பல தலைமுறையாகத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம், மாஹேயில் கேரளம், ஏனாமில் ஆந்திரம். பிறகு அரசுப் பள்ளிகளைப் படிப்படியாக சிபிஎஸ்இக்கு மாற்றினார்கள். 2024-25 கல்வியாண்டில் மேல்வகுப்புகளும் மாறின. தமிழ்வழியில் "ஈவு", "மீதி" என்று படித்த பிள்ளைகள் "கோஷன்ட்", "ரிமைண்டர்" என்று படிக்க வேண்டியதாயிற்று. அது தனிக் கதை, அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். யாரும் எழுதாத ஒன்று இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்புதான், 2022-23க்கான பாடச்சுமைக் குறைப்பில், பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி கணிதப் புத்தகத்திலிருந்து பல்லுறுப்புக் கோவைகளின் வகுத்தல் பகுதியை எடுத்துவிட்டார்கள். அதோடு முதல் அத்தியாயத்தில் இருந்த யூக்ளிடின் வகுத்தல் துணைத்தேற்றமும் போனது. கொரோனாவில் பிள்ளைகள் களைத்துப் போயிருக்கிறார்கள், சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள்.

சரி, போகட்டும் என்று விடலாமா? பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். தொகையிடல் அத்தியாயம், பகுதி பின்னங்கள். மேலே உள்ள கோவையின் படி கீழே உள்ளதன் படியைவிடக் குறைவாக இல்லையென்றால், முதலில் நீள் வகுத்தல் மூலம் அதைச் சுருக்கிக்கொள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே போகிறது. எப்படி வகுப்பது என்று அங்கே சொல்வதில்லை. உனக்கு ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது. பத்தாவதில் எடுத்துவிட்டார்கள், பன்னிரண்டாவதில் தெரியும் என்கிறார்கள். நடுவில் இரண்டு வருடம். அந்தப் பள்ளத்தை யார் நிரப்புகிறார்கள்?

டியூஷன் நிரப்புகிறது. புதுச்சேரி நகரத்தில் மாடிமாடியாகப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. பத்தாவது பரீட்சை முடிந்த மறுவாரமே "பிரிட்ஜ் கோர்ஸ்" ஆரம்பித்துவிடுவார்கள். பள்ளிப் புத்தகத்தில் இல்லாததெல்லாம் அங்கே முதல் பத்து நாளில் வந்துவிடும். எங்கள் கிராமத்திலிருந்தும் போகிறார்கள், பையன்கள். இரவு எட்டரைக்கு முடிகிற வகுப்புக்கு அண்ணனை அனுப்புவார்கள், அவனுக்கு ஒரு வண்டியும் வாங்கித் தருவார்கள். தங்கச்சி வீட்டில் இருப்பாள். "ராத்திரில பொண்ண எப்படி அனுப்புறது, நீயே சொல்லு" என்று அம்மாக்கள் என்னைக் கேட்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. சங்கராபரணி பாலத்துப் பக்கம் இருட்டில் ஒரு பெண் தனியாக நடந்து வர முடியுமா என்பது அவர்கள் கண்டுபிடித்த கேள்வி அல்ல.

ஆகவே பாடத்தை எடுத்தது எல்லோருக்கும் சமமாக எடுத்ததாகாது. வாங்க முடிந்தவனுக்கு அது வேறு கடையில் கிடைக்கிறது. பள்ளி ஒன்றுதான் எங்கள் பெண்களுக்குக் கடை. அங்கே அது இல்லையென்றால் எங்கேயும் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. புதுச்சேரி எல்லை எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பாகூரிலிருந்து சைக்கிளை மிதித்தால் கடலூர் மாவட்டம் வந்துவிடும். ஒரே ஏரித் தண்ணீர், ஒரே சம்பா, ஒரே சாதித் தெருக்கள், நடுவில் ஒரு சாராயக்கடையும் எல்லைக்கல்லும். அந்தப் பக்கத்துப் பெண் தமிழ்நாட்டுப் பாடத்தில் பத்தாவதில் பல்லுறுப்புக் கோவைகளின் மீப்பெரு பொது வகுத்தியை வகுத்தல் முறையில் காண்கிறாள், வர்க்கமூலத்தையும் நீள் வகுத்தலில் காண்கிறாள். அவளுக்கு அது நன்றாகச் சொல்லித் தரப்படுகிறதா என்பது வேறு. புத்தகத்தில் இருக்கிறது. "எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்க அவளுக்கு அவசியம் வராது.

அடுத்தது பேஸிக், ஸ்டாண்டர்டு. 2020 தேர்விலிருந்து சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு விதமான வினாத்தாள்கள் வைத்திருக்கிறது. ஸ்டாண்டர்டின் குறியீடு 041, பேஸிக்கின் குறியீடு 241. பாடத்திட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான், வகுப்பறையும் ஒன்றுதான். வினாத்தாளின் கடினம்தான் மாறும். பேஸிக் எழுதியவர் பதினொன்றாவதில் கணிதம் எடுக்க முடியாது என்பதுதான் அறிமுகமானபோது இருந்த விதி. கொரோனாவில் அதைத் தளர்த்தினார்கள். தளர்வைச் சுற்றறிக்கையில் தேட வேண்டும், விதி மட்டும் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது.

என்னிடம் வரும் பிள்ளைகளைக் கேட்டேன்: நீங்கள் எது? பாதிப் பேருக்குத் தாங்கள் எது என்றே தெரியவில்லை. "மிஸ் போட்டுக்கிட்டாங்க." ஒருத்தி சொன்னாள்: "பேஸிக்ல சிலபஸ் கம்மின்னாங்க க்கா." கம்மி இல்லை என்று இப்போதுதான் சொன்னேன். இன்னொருத்தி சொன்னது இன்னும் தெளிவு: "பொண்ணுங்க பாஸ் பண்ணாப் போதும்னாங்க." பள்ளியின் தேர்ச்சி விகிதம் குறையாது, பிள்ளை தப்பித்துவிடும், பெற்றவர்களுக்குச் சந்தோஷம். எல்லோரும் நல்லவர்கள். அந்தப் பெண் பொறியியலுக்கோ இயற்பியலுக்கோ பொருளியலுக்கோ போகும் வழி மட்டும் பதினைந்து வயதில், அவளுக்கே தெரியாமல், மூன்று இலக்கத்தில் முதல் இலக்கம் மாறியதால் அடைபடுகிறது.

நான் படித்த காலத்தில் இந்த எண்கள் இல்லை. அப்போது பதினொன்றாவது சேர்க்கையின்போது ஒரு மேசை, அதற்குப் பின்னால் ஒரு பெரியவர், "பொண்ணா, காமர்ஸ் போட்டுக்க" என்பார். எனக்கும் சொன்னார்கள். என் அம்மா களை வெட்டிய கையோடு வந்து நின்று, "அவ கணக்குதான் கேக்குறா, அதையே குடுங்க" என்று சொன்னதால் நான் இன்று இதை எழுதுகிறேன். அந்த மேசையிடம் சண்டை போட முடிந்தது. கணினியில் ஏற்றிய பட்டியலிடம் எங்கே போய்ச் சண்டை போடுவது?

இனி நீள் வகுத்தலுக்கே வருகிறேன். மறந்து போனவர்களுக்காக ஒரு கணக்கு. 273ஐ 13ஆல் வகுக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பில் செய்தது. 27இல் 13 இரண்டு தடவை, 26. கழித்தால் 1. அடுத்த 3ஐக் கீழே இறக்கினால் 13. ஒரு தடவை. ஈவு 21, மீதி பூஜ்யம். இப்போது இதையே எழுதுகிறேன்: 2எக்ஸ்² + 7எக்ஸ் + 3 என்பதை எக்ஸ் + 3ஆல் வகுக்க வேண்டும். 2எக்ஸ்²இல் எக்ஸ் எத்தனை தடவை? 2எக்ஸ் தடவை. பெருக்கினால் 2எக்ஸ்² + 6எக்ஸ். கழித்தால் எக்ஸ். 3ஐ இறக்கினால் எக்ஸ் + 3. ஒரு தடவை. ஈவு 2எக்ஸ் + 1, மீதி பூஜ்யம். எக்ஸுக்குப் பத்து என்று போட்டுப் பாருங்கள். மேலே இருப்பது 273, வகுத்தி 13, ஈவு 21. அதே கணக்குதான். பத்து என்று தெரிந்த ஒன்றை எடுத்துவிட்டு, என்னவாகவும் இருக்கக்கூடிய ஒன்றை வைத்தோம். முறை அப்படியே நின்றது.

இதைத் திண்ணையில் முதல் முறை சொன்னபோது ஒரு பிள்ளை பேனாவை வைத்துவிட்டு, "அப்ப நாலாவதுலயே இதை நான் பண்ணிருக்கேனா!" என்றாள். அவளுக்குப் பதினாறு வயது. அதுவரை அவள் நோட்டில் நீள் வகுத்தல் இருந்தது. அழகாக, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, கழித்தல் குறிகளைச் சிவப்பு மையில் எழுதி. எல்லாம் கரும்பலகையைப் பார்த்து எழுதியது.

இந்த அழகான நோட்டைப் பற்றி நான் பேசியாக வேண்டும். பெண் பிள்ளைகளின் கணக்கு நோட்டைப் பாராட்டும்போது "நீட்டா இருக்கு" என்பார்கள். பையனுடைய நோட்டு கிறுக்கலாக இருந்தாலும் "மூளைக்காரன், ஸ்டெப்பைத் தாண்டிப் போறான்" என்பார்கள். நீள் வகுத்தல் என்பது ஏணி மாதிரி கீழே கீழே இறங்கும் கணக்கு. கோலம் போடுகிற கைக்கு அது நன்றாக வரும் என்று நினைக்கிறார்கள் போல. புள்ளி வைத்த இடம் தப்பாமல் இழுத்துக்கொண்டு போனால் முடிந்தது. ஏன் முதல் உறுப்பை மட்டும் பார்த்து வகுக்கிறோம்? ஏன் பெருக்கும்போது மட்டும் முழு வகுத்தியையும் பெருக்குகிறோம்? ஏன் படி குறைந்ததும் நிறுத்துகிறோம்? இதையெல்லாம் கேட்கும் பிள்ளை "வாயாடி".

ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருத்தி இதைக் கேட்பாள். எக்ஸ்³ − 1 என்பதை எக்ஸ் − 1ஆல் வகு. எக்ஸ்³க்கும் 1க்கும் நடுவில் எதுவும் இல்லை. ஆனால் எழுதும்போது எக்ஸ்³ + 0எக்ஸ்² + 0எக்ஸ் − 1 என்று எழுதச் சொல்வார்கள். "இல்லாததை எதுக்குக்கா எழுதணும்?" பள்ளியில் கிடைக்கும் பதில்: "எழுதுன்னா எழுது." உண்மையான பதில் இரண்டு நிமிடம்கூட ஆகாது. 105இல் நடுவில் பத்துகள் இல்லை. பூஜ்யத்தை எழுதாமல் விட்டால் 15 ஆகிவிடும். அதேதான் இங்கேயும். எக்ஸ்²ஆல் வகுத்தியைப் பெருக்கினால் எக்ஸ்³ − எக்ஸ்² வரும். அந்த எக்ஸ்²ஐக் கழிக்க ஒரு இடம் வேண்டும். மேலே இடம் விட்டு வைக்காதவள் அதைக் கொண்டுபோய் எக்ஸ் நிற்கும் இடத்தில் ஒட்டுவாள், அல்லது −1ஓடு சேர்ப்பாள். பூஜ்யத்திலிருந்து மைனஸ் எக்ஸ்²ஐக் கழித்தால் பிளஸ் எக்ஸ்². ஒன்றும் இல்லை என்று நினைத்த இடத்திலிருந்துதான் ஈவின் அடுத்த உறுப்பே வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல் சமாவால் என்பவர் இதே வேலையைக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு நிரல் ஒதுக்கிச் செய்துகாட்டினார். அந்த நூலை எழுதியபோது அவருக்குப் பத்தொன்பது வயது என்கிறார்கள். எங்கள் பெண்களைவிட மூன்று வயது மூத்தவர். அவரை யாரும் நடுவில் தண்ணீர் பிடிக்க எழுப்பியிருக்க மாட்டார்கள்.

இதைச் சும்மா குத்தலுக்குச் சொல்லவில்லை. மற்ற கணக்குகளைப் பாதியில் விட்டுவிட்டு வந்து தொடரலாம். நீள் வகுத்தல் அப்படியல்ல. நான்காம் படிக் கோவையை இரண்டாம் படியால் வகுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடமாவது தலை நிமிராமல் உட்கார வேண்டும். மூன்று கழித்தல், ஒவ்வொன்றிலும் மூன்று குறிகள். ஏதாவது ஒரு இடத்தில் மைனஸ் மைனஸ் பிளஸ் என்பதை விட்டுவிட்டால், அதற்குப் பிறகு செய்யும் எல்லாமே தப்பு, ஆனால் தப்பு என்று தெரியாமலே கீழே போய்க்கொண்டிருக்கும். இரண்டாவது வரியில் இருக்கும்போது குக்கர் விசில். திரும்பி வந்தால் தம்பி சட்டை பொத்தான். அப்புறம் குழாயில் தண்ணீர் வரும் நேரம். விடைத்தாளில் ஆசிரியர் எழுதுவார்: "கவனக்குறைவு." அவள் கவனம் குறைவாக இல்லை. நான்கு பேருக்குப் பங்கு போடப்பட்டிருக்கிறது.

2019இல் மத்திய அரசே எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அப்போது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சேர்த்து எடுத்த கணக்கு அது. இந்த எண்களைப் பெண்ணியக் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறோம். ஆனால் அந்த 299 நிமிடங்களில் எந்தப் பதினைந்து நிமிடம் கணக்கு நோட்டிலிருந்து பிடுங்கப்பட்டது என்று பார்ப்பதில்லை. "பொண்ணுங்களுக்குக் கணக்கு வராது" என்ற புளித்த பொய்க்குப் பின்னால் இந்தப் பதினைந்து நிமிடம்தான் இருக்கிறது. என் திண்ணையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்றுதான். ஆறு மணியிலிருந்து ஏழரை வரை அங்கே யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. அவர்கள் அம்மா வந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

அந்தத் தோழரின் கேள்விக்கு வருகிறேன். என்ன ஆகப்போகுது?

பயன் வேண்டுமென்றால் பயன் சொல்கிறேன். வில்லியனூர்த் தேரடியில் பூக்கட்டும் அம்மாவின் கூடையில் பணம் வாங்க ஒரு கட்டம் ஒட்டியிருக்கிறது, கறுப்பும் வெள்ளையுமாக. க்யூஆர் கோடு. 1994இல் ஜப்பானில் டென்ஸோ வேவ் நிறுவனம் உண்டாக்கியது. மழையில் நனைந்து, பூத்தண்ணீர் பட்டு, ஒரு ஓரம் தேய்ந்தாலும் செல்போன் அதைப் படித்துவிடுகிறது. எப்படி? உள்ளே இருக்கும் தகவலின் எண்களைக் கெழுக்களாக வைத்து ஒரு பல்லுறுப்புக் கோவையாக எடுத்துக்கொள்கிறார்கள். முன்பே முடிவு செய்த இன்னொரு கோவையால் அதை வகுக்கிறார்கள். வரும் மீதியைத் தகவலோடு சேர்த்து அச்சடிக்கிறார்கள். ஓரம் அழிந்தால், அந்த மீதியை வைத்து அழிந்ததைத் திரும்பக் கட்டி எழுப்புகிறது செல்போன். கூட்டல் கழித்தல் மட்டும் 256 எண்கள் கொண்ட ஒரு சின்ன உலகத்துக்குள் நடக்கும். வகுக்கும் முறை நீள் வகுத்தலேதான். 1960இல் ரீட், சாலமன் என்ற இருவர் எழுதிய கோட்பாட்டில் வந்தது. மீதி என்றால் தூக்கிப் போடுவது என்று நினைக்கிறோம். எங்கள் வீடுகளில் மீதியை யார் சாப்பிடுகிறார்கள் என்றும் தெரியும். "கடைசியில அம்மாதான் ரிமைண்டர்" என்று திண்ணையில் ஒருத்தி சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆனால் தோழர், இந்தப் பயன் கணக்கில் என்னை இழுக்காதீர்கள். பையனிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. "நீ கபடி ஆடி என்ன பண்ணப்போற? பொது அறிவு எதுக்கு?" என்று கேட்பதில்லை. நகரத்துத் தனியார் பள்ளிப் பெண்ணிடமும் கேட்பதில்லை. ஏழைப் பெண் படிக்கும் ஒவ்வொன்றுக்கும் மட்டும் ரசீது கேட்கிறோம். அவளுக்குத் தையல் வேண்டும், குழுக்கடன் வட்டி வேண்டும், குழந்தை எடை அட்டை படிக்கத் தெரிய வேண்டும். "வாழ்க்கையோடு ஒட்டிய கல்வி" என்று சொல்லும்போது எந்த வாழ்க்கை? இப்போது அவளுக்கு வாய்த்திருக்கும் வாழ்க்கையோடு அவளை ஒட்டுவதா? சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் நின்று பெட்டி ஒட்டும் வேலைக்கு நீள் வகுத்தல் தேவையில்லை என்பது உண்மைதான். அந்த வேலைக்குத்தான் அவள் என்று எப்போது முடிவு செய்தீர்கள்?

நம் சீர்திருத்தக்காரர்களுக்கும் இந்தக் கண்டம் உண்டு. புதுச்சேரி மண்ணின் பாரதிதாசன் பெண்கல்விக்காக எவ்வளவு முழங்கினார் என்று எல்லோருக்கும் தெரியும். 'குடும்ப விளக்கு' படித்த பெண்ணைக் கொண்டாடுகிறது. ஆனால் தலைப்பையே பாருங்கள். விளக்கு ஏற்றப்படுவது குடும்பத்துக்குள். அவள் கல்வி வீட்டுக்கு வெளிச்சம் தர வேண்டும். அவளுக்கே வெளிச்சம் என்று ஒன்று வேண்டியதில்லை போலும்.

லீலாவதி கதை அதைவிடக் கொடுமை. பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதிய கணித நூல். அதன் பெயருக்குக் காரணமாகப் பள்ளிகளில் இன்றும் ஒரு கதை சொல்கிறார்கள்: மகளுக்கு முகூர்த்த நேரம் பார்க்க நீர்க்கடிகாரம் வைத்தார், அவள் குனிந்து பார்த்தபோது மூக்கிலோ தலையிலோ இருந்த முத்து விழுந்து துளையை அடைத்துவிட்டது, முகூர்த்தம் தவறியது, கல்யாணம் நின்றது, ஆறுதலாக அவள் பெயரில் ஒரு நூல் எழுதினார். இந்தக் கதை வருவது அக்பர் அவையிலிருந்த பைஸியின் 1587ஆம் ஆண்டுப் பாரசீக மொழிபெயர்ப்பில். நானூறு வருடம் பிந்திய கதை. ஆனாலும் எவ்வளவு பிடித்துப்போய்விட்டது நமக்கு! கல்யாணம் நடந்திருந்தால் கணக்கு தேவைப்பட்டிருக்காது என்றுதானே பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டே சொல்கிறோம்?

எமி நோதர் படத்தைச் சுவரில் ஒட்டுவதிலும் எனக்குப் பெரிய ஆசை இல்லை. அவர் யார், அல்ஜீப்ராவை எப்படித் திருப்பிப் போட்டார், 1915க்குப் பிறகு கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை ஏன் நடத்த வேண்டியிருந்தது, எவ்வளவு காலம் சம்பளமில்லாமல் இருந்தார் என்பதைச் சொல்கிறேன், அது அநியாயத்தின் வரலாறு என்பதால். ஆனால் "நோதர் மாதிரி வா" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்வதில்லை. சாதாரணப் பையன் சாதாரணமாகக் கணக்குப் படித்து, சாதாரணமாக அறுபது மார்க் வாங்கி, சாதாரண இன்ஜினியர் ஆகலாம். பெண் மட்டும் மேதையாக இருந்தால்தான் கணக்குப் படிக்க அனுமதியா? சுமாராகப் படிக்கும் உரிமையைத்தான் நான் கேட்கிறேன்.

பாகூருக்குக் கல்விப் பெருமை ஒன்று உண்டு. மேடையில் யார் ஏறினாலும் அதைச் சொல்லாமல் இறங்க மாட்டார்கள். 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கே இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாக விட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. பெருமைதான். அந்த மூன்று ஊர்களிலும் நாற்று நட்டவர்கள் யார்? அவர்கள் விளைவித்த நெல்லில் உட்கார்ந்து படித்தவர்கள் யார்? வேதம் ஓதிய அந்தணர்களின் கல்லூரி அது. நட்டவளின் பேத்திக்குப் பேத்தி இன்றைக்குப் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம்தான் "சுமை" என்று சொல்லிப் புத்தகத்தில் நான்கைந்து பக்கத்தைக் கிழிக்கிறோம்.

எனக்குச் சொல்லப்படும் இன்னொரு எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. கணக்கு பயத்தால் பிள்ளைகள் பள்ளியை விட்டே நிற்கிறார்கள், ஃபெயில் ஆன பெண்ணுக்கு அடுத்த தை மாதத்தில் கல்யாணம். பேஸிக்காவது எழுதி அவள் பாஸ் ஆனால் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போகும் என்று ஒரு ஆசிரியை என்னிடம் சொன்னார். கண் கலங்கித்தான் சொன்னார். நான் அவரை மறுக்கவில்லை. தெரிந்து, யோசித்து, பேஸிக் எடுக்கும் பெண்ணை நான் தடுக்க மாட்டேன். ஆனால் பயத்தை உண்டாக்கியது பாடமா, பாடத்தைச் சொன்ன விதமா? "எழுதுன்னா எழுது" என்பதற்குப் பயப்படாமல் வேறு என்ன செய்வாள்? ஃபெயில் ஆனால் கல்யாணம் என்பதைச் சரிசெய்ய வேண்டிய இடம் வினாத்தாள் அல்ல. கல்யாணப் பேச்சுக்குப் பயந்து கணக்கைச் சிறிதாக்கினால், நாளைக்கு அதே பேச்சுக்குப் பயந்து வேறு எதையாவது சிறிதாக்குவோம்.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. அரசுப் பள்ளிகளில் ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ, பரீட்சையில் வந்தாலும் வராவிட்டாலும், இரண்டு வாரம் நீள் வகுத்தல் நடத்த வேண்டும். அதைத் தமிழில் சொல்லலாம், 273இலிருந்து ஆரம்பிக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. பதினொன்றாவது தொடக்கத்துக்கான இணைப்பு வகுப்பைத் தனியார் மாடியில் இரவு நடத்தாமல் பள்ளிக்குள்ளேயே, பகலில், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிகிற மாதிரி வைக்க வேண்டும். 041, 241 என்றால் என்ன, எதை எழுதினால் எது அடைபடும் என்று பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் பட்டியலில் ஏற்ற வேண்டும். அம்மா கைநாட்டாக இருந்தாலும் பரவாயில்லை. என் அம்மாவும் கைநாட்டுதான்.

இதைப் படிக்கும் கல்லூரித் தோழிகள் ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யலாம். உங்கள் தெருவில் பத்தாவது படிக்கும் பெண் இருப்பாள். தேர்வுக்கு அவள் பெயரைப் பதிவு செய்த தாளைக் காட்டச் சொல்லுங்கள். கணிதத்துக்கு எதிரில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். அதை யார் போட்டது என்று அவளிடம் கேளுங்கள். தெரியாது என்றால், திங்கட்கிழமை காலையில் அவளோடும் அவள் அம்மாவோடும் பள்ளிக்குப் போங்கள். பதிவு முடிவதற்குள் போங்கள்.